தேம்ஸ் படகோட்டிகளின் கில்டு: விருந்தும் தர்மமும் துடுப்புப் பந்தயமும் ஒரே கூரையின் கீழ் ஏன்?

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் நாளில், மன்னரின் கிரீடம் அவருக்கு முன்பாகத் தனிக் குதிரை வண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் போய்ச் சேரும். அதோடு சிவப்புச் சீருடையில் சிலர் வருவார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் அவர்களைப் படைவீரர்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவர்கள் படகோட்டிகள். அரச நகைகள் ஒரு காலத்தில் லண்டன் கோட்டையிலிருந்து ஆற்று வழியாக வந்தன. படகு போய் வண்டி வந்த பிறகும் காவல் பொறுப்பு படகோட்டிகளிடமே தங்கிவிட்டது.

இதே தேம்ஸ் ஆற்றில் கோடைதோறும் ஒரு பந்தயம் நடக்கிறது. வென்றவருக்குக் கிடைக்கும் பெருமை ஒரு சிவப்புக் கோட்டும், அதன் கையில் பொருத்திய பெரிய வெள்ளி வில்லையும்தான். இன்னொரு பக்கம், வயதான படகோட்டிகளுக்கு வீடு, இளைஞர்களுக்குப் பயிற்சி உதவி, மண்டபத்தில் விருந்து என்று செய்திகள் வருகின்றன. எல்லாவற்றிலும் அடிபடும் பெயர் ‘கம்பெனி ஆஃப் வாட்டர்மென் அண்ட் லைட்டர்மென்’. இது வணிக நிறுவனமா, தொழிற்சங்கமா, அறக்கட்டளையா, விளையாட்டுக் கழகமா என்ற குழப்பம் நியாயமானதே.

அது ஒரு கில்டு. அதன் விருந்தையும் தர்மத்தையும் பந்தயத்தையும் பழம்பெருமையின் அலங்காரமாகப் பார்ப்பது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மூன்றும் ஒரு தொழிலை நடத்துவதற்குத் தேவைப்பட்ட ஏற்பாடுகள். தொழிலை ஆளும் அதிகாரம் கைவிட்டுப் போன பிறகு, கில்டைத் தாங்கி நிற்பவையும் இவையே.

முதலில் சில சொற்கள்

1. கில்டு: ஒரு நகரத்தில் ஒரு தொழிலைச் செய்பவர்கள் சேர்ந்து அமைத்த கட்டுப்பாட்டு அமைப்பு. யார் தொழில் செய்யலாம், எத்தனை ஆண்டு கற்க வேண்டும், தவறினால் என்ன தண்டனை என்பதையெல்லாம் அது தீர்மானிக்கும். லண்டனில் இவற்றைக் ‘கம்பெனி’ என்கிறார்கள். பங்கு, லாபம் என்று நாம் இன்று நினைக்கும் கம்பெனிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

2. வாட்டர்மேன், லைட்டர்மேன்: வாட்டர்மேன் ஆட்களை ஏற்றிச் செல்பவர். லைட்டர்மேன் சரக்கை ஏற்றிச் செல்பவர். நடு ஆற்றில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தட்டையான படகுக்கு லைட்டர் என்று பெயர். பெரும்பாலும் அதற்குப் பாயும் இல்லை, எஞ்சினும் இல்லை. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளை ஏற்றிவந்த கிழக்கிந்தியக் கப்பல்களும் லண்டனுக்குக் கீழே ஆழமான நீரில் நின்று, சிறு படகுகளுக்குத்தான் சரக்கை மாற்றின.

3. ஃப்ரீமேன்: பயிற்சிக் காலத்தை முடித்து, கில்டின் முழு உறுப்பினராகி, சொந்தமாகத் தொழில் செய்யும் உரிமை பெற்றவர்.

4. லிவரி: லண்டன் நகரின் நூற்றுக்கும் மேற்பட்ட கில்டுகளுக்குச் சீருடை அந்தஸ்து உண்டு. அவற்றின் உறுப்பினர்கள்தான் கூடி நகர மேயரைத் தேர்வுசெய்கிறார்கள். படகோட்டிகள் கில்டுக்கு இந்த அந்தஸ்து கிடையாது. பழைய கில்டுகளில் இப்படி நிற்கும் மற்றொன்று, தேவாலய எழுத்தர்களுடையது. மற்ற கில்டுகள் பலவற்றிலும் பெயரில் உள்ள தொழிலைச் செய்பவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். படகோட்டிகள் கில்டில் இன்றும் ஆற்றில் வேலை செய்பவர்களைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு பாலம்

1729-இல் பட்னி பாலம் திறக்கும்வரை, லண்டன் பாலத்தை விட்டால் ஆற்றைக் கடக்க அடுத்த பாலம் வெகுதூரம் மேலே கிங்ஸ்டனில்தான் இருந்தது. நகரத் தெருக்களோ குறுகலானவை, சேறு நிறைந்தவை. ஆகவே ஆறுதான் பெருவீதி. அக்கரைக்கு நாடகம் பார்க்கப் போகிறவரும், நீதிமன்றம் போகிறவரும், அரண்மனைக்குப் போகிறவரும் படித்துறையில் இறங்கி நின்று படகைக் கூப்பிட வேண்டும்.

அந்த ஒரு பாலமும் படகுக்கு எதிரி. பழைய லண்டன் பாலத்தின் கண்கள் குறுகலானவை. தூண்களின் அடித்தளமோ மிக அகலம். ஓதம், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தால் ஆற்றில் ஏறும் நீர், இறங்கும்போது அந்த இடுக்குகளில் சிக்கி, ஆள் உயரத்துக்கு அருவிபோல் விழும். அறிவாளிகள் மேலே நடந்து போகவும் முட்டாள்கள் கீழே படகில் போகவும் கட்டியது லண்டன் பாலம் என்று பழமொழியே உண்டு. பல பயணிகள் பாலத்துக்கு முன்பே இறங்கி, நடந்துபோய், மறுபக்கத்தில் மீண்டும் படகேறுவார்கள். ஓட்டியவர் மட்டும் படகோடு அந்த நீரில் பாய வேண்டும்.

இப்படியொரு ஆற்றில் யார் வேண்டுமானாலும் துடுப்பைப் பிடிக்கலாம் என்று விட்டால் உயிர் போகும். கட்டணத்திலும் ஏமாற்று நடந்தது. 1514-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த சட்டம் படகுக் கட்டணத்தை நிர்ணயித்தது. 1555-இல் வந்த சட்டம் படகோட்டிகளை ஆளும் அமைப்பையே உருவாக்கியது: ஆண்டுதோறும் மேயரும் நகர ஆட்சியினரும் எட்டு மேற்பார்வையாளர்களை நியமிப்பார்கள், தொழிலுக்கு வருகிறவர் பயிற்சி பெற்றே ஆகவேண்டும். முதலில் ஓராண்டாக இருந்த பயிற்சிக் காலம் 1603-இல் ஏழாண்டாக நீண்டது. 1700-இல் சரக்குப் படகுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான கில்டுகள் அரச சாசனத்தால் பிறந்தவை. இது நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. அதனாலேயே இதன் அதிகாரத்தைக் குறைப்பதும் எடுப்பதும் நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது.

தர்மம் ஏன் தேவைப்பட்டது

படகோட்டியின் வாழ்க்கையில் வருமானம் நின்றுபோகும் வழிகள் பல. நீரில் மூழ்குவது, கை கால் முறிவது, முதுமையில் துடுப்பு பிடிக்க முடியாமல் போவது ஆகியவை எந்த உடலுழைப்பிலும் இருப்பவை. தேம்ஸ்காரர்களுக்கு மேலும் இரண்டு இருந்தன.

ஒன்று, கடற்படை. போர் வந்தால், கடற்படைக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கும் கூட்டம் முதலில் தேடி வருவது படகோட்டியைத்தான். நீரில் பழகிய உடம்பு வேறு எங்கே கிடைக்கும்? பிடிபட்டவர் எப்போது திரும்புவார் என்று குடும்பத்துக்குத் தெரியாது.

மற்றொன்று, பனி. 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் கடுங்குளிர் காலங்களில் தேம்ஸ் உறைந்துபோன ஆண்டுகள் உண்டு. 1683–84 குளிர்காலத்தில் ஆற்றின் மேல் கடைத்தெருவே எழுந்தது. கடைசிப் பெரிய பனிச்சந்தை 1814-இல். ஊருக்கு அது திருவிழா, படகோட்டிக்கு அது பட்டினி. ஆனால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கரைக்கும் பனிக்கும் நடுவே பலகை போட்டு, பனிமேல் இறங்குகிறவர்களிடம் சில்லறை வாங்கினார்கள்.

கில்டின் உதவி நிதி பல வாய்க்கால்களில் நிரம்பியது. அவற்றில் முக்கியமானது ஞாயிறு ஓடம். ஞாயிற்றுக்கிழமை தொழில் செய்யத் தடை இருந்த காலத்தில், சில துறைகளில் மட்டும் கில்டே ஓடம் விட்டது. அந்த வரும்படி ஏழை உறுப்பினர்களுக்கும் விதவைகளுக்கும் போனது. அபராதமும் ஒரு வழி. தேம்ஸ் படகோட்டிகளின் வாய் பிரசித்தம். எதிர்ப்படும் படகில் இருப்பவரைத் திட்டுவது அவர்களுக்கு ஒரு கலையாகவே இருந்தது. கெட்ட பேச்சுக்குக் கில்டு விதித்த அபராதமும் ஏழைகள் நிதியில் சேர்ந்தது.

பாலங்கள் வந்தபோது இந்த ஏற்பாட்டின் பலம் தெரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் 1750-இலும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் 1769-இலும் திறந்தன. ஒவ்வொரு பாலமும் ஓடத்துறைகளை விழுங்கியது. தனி ஆளாக நின்றிருந்தால் யாரும் இழப்பீடு கேட்டிருக்க முடியாது. ஞாயிறு ஓடத்தின் வரும்படி போகிறதே, ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கில்டு கேட்க முடிந்தது. அந்த இழப்புக்கு ஈடும் பெற்றது. தர்ம நிதி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, அன்று பேரம் பேசும் கருவியாகவும் இருந்தது.

1840-களின் தொடக்கத்தில் லண்டனுக்குத் தெற்கே பெஞ்ச் என்ற ஊரில், தளர்ந்துபோன படகோட்டிகளுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வீடுகள் எழுந்தன. நிலத்தைக் கொடுத்தவர் ஜான் டூடின் பிரவுன். நுழைவில் கோபுரங்கள், முற்றத்தைச் சுற்றி ட்யூடர் பாணி வரிசை வீடுகள். ஏழைகளுக்குத்தானே என்று கட்டிய கட்டடம் அல்ல அது. இன்று பார்த்தாலும் அதன் கம்பீரம் குறையவில்லை. 1973-இல் அங்கிருந்தவர்கள் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் புதிய வீடுகளுக்கு மாறினார்கள். பெஞ்ச் கட்டடம் இப்போது தனியார் குடியிருப்பு.

ஒரு நடிகர் விட்டுச்சென்ற பந்தயம்

தாமஸ் டாகெட் அயர்லாந்தில் பிறந்த நகைச்சுவை நடிகர், ட்ரூரி லேன் நாடக அரங்கின் நிர்வாகிகளில் ஒருவர். அரசியலில், ஹானோவர் அரச வம்சத்தை ஆதரித்த விக் கட்சியின் தீவிர ஆதரவாளர். 1714 ஆகஸ்ட் 1-இல் அந்த வம்சத்தின் முதலாம் ஜார்ஜ் அரியணைக்கு வந்ததை அவர் பெரிதாகக் கொண்டாடினார். அடுத்த ஆண்டு அதே நாளில் ஒரு படகுப் பந்தயம் வைத்தார். அந்த ஆண்டு பயிற்சி முடித்து வெளிவந்த ஆறு படகோட்டிகள் லண்டன் பாலத்திலிருந்து செல்சிவரை ஓட்ட வேண்டும். வெல்பவருக்குக் கோட்டும் வில்லையும். இப்போது சிவப்பாக இருக்கும் அந்தக் கோட்டு அன்று ஆரஞ்சு நிறம். வில்லையில் ஹானோவர் குதிரையும் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் இருக்கும். இது என்றென்றும் ஆண்டுதோறும் நடக்கும் என்று அறிவிப்பில் எழுதினார்.

இப்படி எழுதுகிறவர் பலர். டாகெட் அதற்கு வழியும் செய்தார். 1721-இல் அவர் இறந்தபின் பொறுப்பு மீன் வணிகர் கில்டின் கைக்குப் போனது. இன்றுவரை அவர்கள்தான் படகோட்டிகள் கில்டோடு சேர்ந்து நடத்துகிறார்கள். உலகப் போர்களால் தடைபட்ட ஆண்டுகளைக்கூட விட்டுவிடவில்லை. 1915 முதல் 1919 வரைக்கான பந்தயங்களை 1920-இல் நடத்தினார்கள். 1940 முதல் 1946 வரைக்கானவற்றை 1947-இல் நடத்தினார்கள். போர்க்காலத்தில் பயிற்சி முடித்த இளைஞனுக்கு அவனுடைய ஒரே வாய்ப்பு பறிபோகக் கூடாது என்ற நேர்மை அதில் இருக்கிறது. எனக்கு இந்தப் பந்தயத்தின் வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பந்தயத்தின் தூரம் நான்கு மைல் ஐந்து ஃபர்லாங், அதாவது சுமார் 7.4 கிலோமீட்டர். தொடக்கத்தில் பயணிகளை ஏற்றும் கனமான படகில், இறங்கும் ஓதத்தை எதிர்த்து ஓட்டினார்கள். முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. 1873 முதல் ஓதத்தோடு சேர்ந்து ஓட்டுகிறார்கள். இப்போது ஒருவர் ஓட்டும் மெல்லிய பந்தயப் படகு. அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. 1973-இல் பாபி பிரென்டிஸ் எடுத்த 23 நிமிடம் 22 நொடி பெரும் சாதனையாகப் பேசப்படுகிறது.

நேரம் குறைந்ததால் எளிதாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நகரத்தின் நடுவே ஆற்றின் இருகரையும் கல் சுவர். கடந்துபோகும் படகு எழுப்பும் அலை சுவரில் மோதித் திரும்பி வரும். அடுத்த அலையோடு குறுக்கே சந்திக்கும். பத்துக்கும் மேற்பட்ட பாலங்களின் தூண்களுக்கு நடுவே நீர் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகத் திரும்பும். லண்டன் பாலத்தருகே ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏழு மீட்டரைத் தொடும். எந்த வளைவில் நீரோட்டம் எந்தக் கரையை ஒட்டிப் போகிறது என்று தெரிந்தவர், தன்னைவிட வலுவானவரை முந்திவிட முடியும். பயிற்சிக் காலத்தில் கற்க வேண்டியதும் அதுவே. எனவேதான் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும் பந்தயம் என்ற விதிக்குப் பொருள் உண்டு: அது ஊரறிய நடக்கும் தொழில் தேர்வு. வென்றவருக்கு அந்தக் கோட்டு வாழ்நாள் முழுவதும் விளம்பரம்.

1992-இல் கிளேர் பரன் போட்டியிட்டபோது, இந்தப் பந்தயத்தில் துடுப்பு பிடித்த முதல் பெண் ஆனார்.

கூலிக்கு ஓட்டியவருக்குக் கதவடைப்பு

துடுப்புப் பந்தயம் என்றாலே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களின் படம் நினைவுக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த விளையாட்டில் படகோட்டிகளை வேண்டுமென்றே வெளியே தள்ளினார்கள்.

பல்கலைக்கழக அணிகளுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தவர்களில் தேம்ஸ் படகோட்டிகளும் இருந்தார்கள். 1877-இல் இரு பல்கலைக்கழகங்களும் சரிசமமாக முடித்தன என்று தீர்ப்புச் சொன்ன நடுவர் ஜான் ஃபெல்ப்ஸ் ஒரு படகோட்டியே. அவர் குடித்துவிட்டுத் தூங்கினார் என்று பின்னால் கட்டிய கதை இன்றும் வலம்வருகிறது. ஒரு தொழிலாளியின் சொல்லை நம்ப மனமில்லாதவர்கள் கிளப்பிய அவதூறு என்றே நான் அதைக் கருதுகிறேன்.

இரண்டே ஆண்டில், 1879-இல், ஹென்லி படகுப் போட்டி ‘அமெச்சூர்’ யார் என்று வரையறுத்தது. பரிசுப் பணத்துக்கு ஓட்டியவர் கூடாது, சரி. படகு வேலையில் கூலி வாங்கியவரும் கூடாது. கைவினைஞர், கூலித் தொழிலாளி யாரும் கூடாது. ஆற்றை நன்றாக அறிந்தவர்களுக்கு ஆற்றின் பெரிய போட்டியில் இடமில்லை. இந்த விலக்கு 1930-களின் இறுதிவரை நீடித்தது.

டாகெட் பந்தயமும் படகோட்டிகளின் சொந்தப் போட்டிகளும் எதைக் காத்தன என்பது இங்கே புரியும். 1903-இல் டாகெட் கோட்டை வென்ற எர்னஸ்ட் பேரி, 1912-இல் தொழில்முறை உலக சாம்பியன் ஆனார். 1930-இல் டாகெட்டை வென்ற டெட் ஃபெல்ப்ஸும் உலக சாம்பியன் பட்டத்தைப் பெற்றார். வேறு கதவு திறக்காதபோது கில்டின் கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது.

முப்பது டன்னைத் துடுப்பால் நகர்த்துவது

வாட்டர்மேனுக்கு டாகெட் என்றால், லைட்டர்மேனுக்கு 1975 முதல் நடக்கும் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) பந்தயம். கிரீன்விச்சிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஏழு மைல். படகு சுமார் முப்பது டன் எடையுள்ள இரும்புப் பார்ஜ். எஞ்சின் கிடையாது. ஆளைவிடப் பல மடங்கு நீளமான துடுப்புகளை நின்றபடி இழுப்பார்கள்.

பார்க்க மந்தமாக இருக்கும். ஆனால் நுட்பம் முழுவதும் அந்த மந்தத்தில்தான். பார்ஜை உண்மையில் நகர்த்துவது ஓதம். துடுப்பு அதைத் திருப்பவும் நீரோட்டத்தின் நடுவில் வைத்திருக்கவும் மட்டுமே. பாலத்தூண் நூறு மீட்டர் தொலைவில் இருக்கும்போதே திருப்பத் தொடங்க வேண்டும். கிட்டே வந்தபின் எத்தனை பேர் இழுத்தாலும் முப்பது டன் கேட்காது. முன்பு இதை ஓரிருவர் மட்டும், இருட்டிலும் மூடுபனியிலும், அன்றாட வேலையாகச் செய்தார்கள்.

மண்டபம்

கில்டின் பழைய மண்டபம் 1666 பெருந்தீயில் எரிந்தது. இப்போதைய மண்டபம் செயின்ட் மேரி அட் ஹில் தெருவில், கட்டடக்கலைஞர் வில்லியம் பிளாக்பர்ன் வடிவமைத்து 1780-இல் எழுந்தது. பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது இந்த மண்டபத்தில். விருந்துகளும் இங்கே, வெளியாருக்கு வாடகைக்கு விடுவதும் உண்டு. ஒரே மேசையில் வயதானவரும் நேற்றுச் சேர்ந்தவரும் உட்காரும்போது, யாருக்கு ஆள் தேவை, யார் வீட்டில் நோய், எந்தப் பையனிடம் திறமை இருக்கிறது என்ற செய்திகள் கைமாறுகின்றன.

உரிமம் போன பிறகு

1. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான லண்டன் துறைமுக ஆணையத்தின் கைக்கு, படகோட்டிகளுக்கு உரிமம் தரும் அதிகாரம் போனது. கில்டு பயிற்சியோடு நின்றது.

2. சரக்குப் பெட்டக முறை வந்ததும் பெரிய கப்பல்கள் நகரைத் தாண்டி ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள டில்பரி துறைமுகத்துக்கு இடம் மாறின. 1960-களின் இறுதியிலிருந்து 1981-க்குள் லண்டனின் உள்துறைமுகங்கள் வரிசையாக மூடின. லைட்டர்மேன்களின் வேலை பெருமளவு அதோடு போயிற்று.

3. 2007 ஜனவரி 1 முதல் உள்நாட்டு நீர்வழிகளுக்கு நாடு தழுவிய ஒரே உரிமம் வந்தது. கில்டின் நீண்ட பயிற்சி இனிக் கட்டாயமில்லை. தேம்ஸுக்கென்று உள்ளூர் அறிவுச் சான்று ஒன்று மட்டும் தனியே தேவை. 1989 ஆகஸ்டில் ‘மார்ச்சியோனெஸ்’ என்ற உல்லாசப் படகு மண் அள்ளும் கப்பலோடு மோதி 51 பேர் இறந்த ஆறு இது. பயிற்சியைக் குறைப்பதைப் படகோட்டிகள் எதிர்த்ததில் வேலையைப் பற்றிய கவலை இருந்திருக்கும். ஆற்றைப் பற்றிய அச்சமும் உண்மையானதே.

இப்போது கில்டிடம் சேரச் சொல்லிச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பயிற்சிக் கட்டணத்துக்கு உதவி, டாகெட் பந்தயத்துக்குத் தயாராகும் வாய்ப்பு, பின்னாளில் முடியாமல் போனால் ஒரு கைத்தாங்கல்: இவற்றைக் காட்டித்தான் இளைஞர்களை அழைக்க வேண்டும். வேலை இல்லாமல் இல்லை. அலுவலகம் போகிறவர்களை ஏற்றிச்செல்லும் விரைவுப் படகுகள் ஓடுகின்றன. நகரக் குப்பையைப் பெட்டகங்களில் அடைத்து, பார்ஜில் ஏற்றி, இழுவைப் படகுகள் பெல்வெடெர் எரிஉலைக்குக் கொண்டுபோகின்றன. தேம்ஸ் டைட்வே கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டியபோது வெளிவந்த மண்ணையும் பெருமளவு ஆற்று வழியாகவே அகற்றினார்கள். அத்தனை லாரிகள் சாலைக்கு வராமல் போனதற்குப் பார்ஜ் ஓட்டத் தெரிந்தவர்கள் மிச்சமிருந்ததும் ஒரு காரணம்.